என் குரலுக்கு அடியில்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் சொல்ல வேண்டிய பதில்களை எல்லாம் நானே சொன்னேன். அதை அன்பு என்று நினைத்திருந்தேன். பார்க்க வந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். "அண்ணாச்சி எம்புட்டுப் பொறுமையாப் பாத்துக்கிடுதாக" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறுமையே இருந்ததில்லை என்பதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் புரூப் பார்த்துப் பிழை திருத்தியவன் நான். தமிழில் எம்.ஏ. படித்தவன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிள் என்று எதுவானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஒரு சொல் பாதியில் நின்றிருந்தால் மீதியை என் கை தானாக எழுதிவிடும். யாரையும் கேட்காது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என் மனைவி தாயில்பட்டிக்காரி. எட்டாவது வரை படித்தவள். பேச்சில் அவளை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. புதிய நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த ஒரு காலையில், கோலப்பொடி டப்பாவோடு வாசலிலேயே சரிந்தாள். வலது கை தளர்ந்தது. பிறர் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிந்தது, பதில் மட்டும் வரவில்லை. 'சரி', 'ம்', 'அய்ய' என்று மூன்றே சத்தங்கள் மிஞ்சின.

மதுரையில் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அம்மாளிடம் மாதம் இருமுறை கூட்டிப்போனேன். "கேள்வி கேட்டுட்டுக் காத்திருங்க சார், எவ்வளவு நேரம் ஆனாலும்" என்று அவர் சொல்லியிருந்தார். நான் காத்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. மூன்றாம் மாதம் அவர் கேட்டார்: "வீட்ல பேச முயற்சி பண்றாங்களா?"

"முயற்சியே இல்லைங்க" என்றேன்.

என் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஆமோதிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். அதன்பின் போவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது.

எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிங் வேலை பார்த்த நண்பரின் மகள் அப்போது பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்து வந்தாள். என்னை மாமா என்றும் என் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவாள். ஒருநாள் வந்து, அத்தையின் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

"பேச்சே இல்லையேம்மா, எதைப் பதிவு செய்வ?"

"இருக்குற அளவுக்குப் போதும் மாமா. மெஷின் லேர்னிங்னு ஒண்ணு. கம்ப்யூட்டருக்குப் பேச்சுக் கேக்கப் பழக்குறேன். வார்த்தை ஞாபகத்துக்கு வராம நிக்கிறவுகளும் இருக்காக, வார்த்தை தெரிஞ்சும் நாக்கு பெரளாம நிக்கிறவுகளும் இருக்காக. ரெண்டையும் அது பிரிச்சுச் சொல்லணும். நம்ம பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரில அதுக்குன்னு டாக்டர் கெடையாதே."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒரு எழுத்துகூடத் தெரியாது. நெறையக் கேக்க வச்சா அதுவா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும்."

"எம்.ஏ. படிச்ச எனக்கே பிடிபடாதது உன் பெட்டிக்குப் பிடிபடுமாக்கும்."

"பெட்டி எம்.ஏ. படிக்கல மாமா. அதனால கேட்டுக்கிட்டு இருக்கும்."

என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அதனால்தான் சம்மதித்தேன்.

பார்த்துப் பெயர் சொல்லப் படங்கள் வேண்டும் என்றாள் நண்பரின் மகள். பழைய காலண்டர் மாதிரிகளை எடுத்துக் கொடுத்தேன். கிளி, தவழும் கண்ணன், அருவி, ரயில் என்று முப்பது படங்கள். பட்டாசு ஆலை வேன்கள் ஆள் ஏற்றிப் போய் முடிகிற வரை காத்திருந்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினோம். என் மனைவியின் முந்தானையில் ஒரு சின்ன மைக், என் சட்டைப் பையில் இன்னொன்று. முதலில் அந்தப் பெண் கிளியைக் காட்டினாள்.

"கிளி" என்றேன் நான்.

"மாமா, நீங்க சொல்லாதீக."

"அவ சொல்ல வந்தது அதுதாம்மா."

அடுத்து கண்ணன். அதையும் நானே சொன்னேன். பிறகு அவள் என்னைத் தடுக்கவில்லை. முப்பது படமும் அப்படியே முடிந்தது.

மூன்று வாரம் கழித்து மடிக்கணினியோடு வந்தாள். கட்டிலில் என் மனைவிக்கும் எனக்கும் நடுவில் அதைத் திறந்து வைத்தாள். குரலை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மெல்லிய பட்டாசுத் திரியில் அங்கங்கே மருந்து தடித்து நின்றதுபோல ஒரு கோடு திரை முழுக்க ஓடியது. எங்கள் இருவர் குரலையும் தனித்தனியாகக் கேட்கவைத்து யந்திரத்தைப் பழக்கியிருந்தாள். எது யார் குரல் என்பதை அதுவே குறித்திருந்தது. நான் நீலம், என் மனைவி சிவப்பு.

நீலம் ஏராளமாக இருந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு நீலத்துக்கு அடியிலும் ஒரு சின்னச் சிவப்பு இருந்தது.

"இங்கன பாருங்க மாமா. மெஷின்தான் தப்பாப் போட்டிருக்குன்னு நெனச்சு ரெண்டு நாள் அதோட மல்லுக்கு நின்னேன். அப்புறந்தான் அத்தை மைக்கை மட்டும் தனியாக் கேட்டேன்." அவள் காதொலிப்பானை என் தலையில் மாட்டினாள்.

முதலில் ஒரு மூச்சு உள்ளே போனது. தொண்டையில் ஏதோ திரண்டது. 'க்… க்…' என்றது. அதற்கு மேல், தூரத்திலிருந்து அதட்டுவதுபோல என் குரல்: "கிளி." உடனே அந்த மூச்சு ஒன்றுமாகாமல் வெளியே போனது.

அடுத்த படத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். சில இடங்களில் சிவப்பு எனக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. நான் எங்கும் மூன்று விநாடிக்கு மேல் பொறுத்திருக்கவில்லை.

கிளி என்றால் என்னவென்று அந்த யந்திரத்துக்குத் தெரியாது. அவள் என்ன சொல்வாள் என்று ஊகிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. அதனால் அவளிடமிருந்து வந்ததை வந்தபடி கேட்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த எனக்குக் கேட்காத ஒன்று, மூன்று வாரம் பழகிய அதற்குக் கேட்டது. பெரிய கோயில்களிலும் கடலின் முன்னும் நின்றிருக்கிறேன். அந்தச் சிவப்புப் பொட்டுகளின் முன் இருந்ததுபோல வாயடைத்து எங்கும் இருந்ததில்லை.

காதொலிப்பானைக் கழற்றிவிட்டு மனைவியிடம் சொன்னேன்: "மதுரைல அந்த அம்மாகிட்ட நீ முயற்சி பண்ணலைன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது பொய்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இடது கையால் காதொலிப்பானை எடுத்து, மறுபடியும் என் தலையில் மாட்டிவிட்டாள். இன்னும் கேள் என்பதுபோல.

மறுபதிவின்போது நண்பரின் மகள் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். தெருமுனைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, வீட்டை விட்டு வெரட்டிட்டாகளா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்கேன்னுதான்."

"அது நம்ம தெருவுக்கே தெரியுமே" என்று அவர் டீ ஆற்றினார்.

அன்றைய பதிவையும் கேட்டேன். கிளிக்கு அவள் எடுத்துக்கொண்டது பதினான்கு விநாடி. 'கீ… கீரை… இல்ல… பச்ச… பச்ச… கிளி.' நேர் ரோடு அடைபட்டதால் வண்டி வெம்பக்கோட்டை வழியாகச் சுற்றி ஊர் ஊராக வழி கேட்டு வருவதுபோல, அந்தச் சொல் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. ஒரு கிளிக்கு இவ்வளவு தூரம். இத்தனை மாதமும் ஒவ்வொரு கேள்விக்கும் இப்படிப் புறப்பட்டவளை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம். நான் சொன்னது தவறு என்று அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டு, பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு என் மனைவியிடம், "வீட்ல உங்க கூட யார் இருக்கா?" என்றார்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தின் முள் கால் சுற்று போயிருக்கும்.

"இவுக" என்றாள், என்னைக் காட்டி. "பேசுவாக."

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கிளம்பும்போது நான் நேராகவே கேட்டேன், விட்டுப்போன மாதங்களால் எவ்வளவு நஷ்டம் என்று. "முதல் வருஷந்தான் ரொம்ப முக்கியம் சார்" என்றார். பிற்பாடு அவளுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்தன. பழைய பேச்சு வரவே இல்லை. வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவன் நான்தான்.

திரும்பும் வழியில் விருதுநகர் பஸ் நிலையத்தில் வண்டி நின்றது. கூடைக்காரப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் வந்தாள். "கொய்யாவா, வெள்ளரியா? எது வேணும்க்கா?"

என் மனைவி கூடையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கூடைக்காரி என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கய்யா, வண்டி எடுக்கப் போறான்." நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். கொய்யா என்று நாக்கு நுனி வரை வந்தது. வண்டி கிளம்பிவிட்டது. கூடைக்காரி ஏதோ திட்டியபடி அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.

ஊர் எல்லை தாண்டி இருபுறமும் வெயிலில் பொட்டல் தொடங்கியபோது என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"வெள்ளரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி, அவளே சிரித்தாள்.