கயிறு கட்டியவனுக்குச் சரக்கு இல்லை

ஜெயக்குமாரின் நெற்றியில் இருக்கும் தழும்பு பீர் பாட்டில் போட்டது. முழங்கையில் இருப்பது செங்கல். முன்பல் ஒன்று போனதற்குக் காரணமானவன் மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டான், கையோடு ஒரு குவாட்டரும் கேட்டான். கடப்பாக்கம் பக்கம் அரசாங்க மதுக்கடையில் விற்பனையாளன் வேலை. பாட்டில் மேலேயே குடி கெடுதல் என்று அச்சடித்து, அதைத் தானே விற்கிறது அரசாங்கம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஆட்டுகிற கூலிக்கு இவன் இருந்தான், அவ்வளவுதான்.

வாங்கிய அடியெல்லாம் ஒரே காரணத்துக்காக. குடியை விட நினைக்கிறவன் அந்தப் பக்கம் முனீஸ்வரன் கோயிலில் பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வான். சொன்ன கெடு முடியும்வரை தொடமாட்டேன் என்று சத்தியம். மீறினால் முனி அடிக்கும். முனி அடிக்கிறதோ இல்லையோ, கயிறு கட்டிய கைக்கு ஜெயக்குமார் பாட்டில் கொடுக்கமாட்டான். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. இவனாக வைத்துக்கொண்ட சட்டம், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தங்கை ரேணுகாவின் புருஷன் ரஞ்சித்குமார் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். குடித்தால் கை நீளும். ஒருமுறை அவள் உதடு கிழிந்து வந்து நின்றதைப் பார்த்த ஜெயக்குமார், ஆடி மாதம் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்த் தை வரைக்கும் கயிறு கட்டவைத்தான். சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். எவனும் கொடுக்கவில்லை.

"கை நடுங்குது மச்சான். ஒரே ஒரு கட்டிங் குடு. முனிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"முனி வுட்டாலும் நான் வுடமாட்டேன். போடா."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. சவுக்குத் தோப்பில் போதை மாத்திரை விற்கிறவன் யார் மணிக்கட்டையும் பார்ப்பதில்லை. தான் விற்பது என்னவென்று அவனுக்கே தெரியாது. சத்தியம் வாங்கும்போது பூசாரி மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று ரஞ்சித் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். கயிறு கையிலேயே இருந்தது. ஒரு மாதமாக மாப்பிள்ளை வாயில் சாராய வாடையே இல்லை என்று ஜெயக்குமார் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் பட்டப்பகலில் வீட்டுக்குள் வந்த ரஞ்சித், மீன் அரிந்துகொண்டிருந்த ரேணுகாவைப் பார்த்து, "யாருடி நீ? என் வூட்ல இன்னா பண்ணிகினு கீற?" என்று கேட்டான். விளையாட்டு என்று அவள் சிரித்தாள். அவன் அருவாமனையைப் பிடுங்கி அவள் மேல் வீசினான். முதல் வெட்டில் காது தொங்கியது. இரண்டாவது தோளில் எலும்புவரை இறங்கியது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான், மறுபடி மோதினான். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அவனை விளக்குக் கம்பத்தில் கட்டி, கைக்குக் கிடைத்ததாலெல்லாம் அடித்தார்கள்.

கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு இரும்புக் கம்பியோடு ஓடிவந்தான் ஜெயக்குமார். வாசலில் தங்கையின் ரத்தத்தைப் பார்த்தான். கம்பத்தில் கட்டுண்டிருந்தவனின் இடது கையில் ஓங்கி இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கு இனித்தது. இன்னொரு முறை இறக்கினான். ரஞ்சித் வலியே இல்லாதவனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பையும் அவன் பையிலிருந்து சிதறிக் கிடந்த மாத்திரைகளையும் கண்டதும் ஜெயக்குமாருக்குக் கம்பி கைநழுவியது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ரேணுகாவுக்கு வாய் திறக்க நான்கைந்து நாள் ஆனது. போலீஸிடம், வழுக்கி அருவாமனை மேல் விழுந்தேன் என்றாள்.

"பைத்தியமா நீ? அவன உள்ள தள்ளிட்டு எங்கூட வந்துடு" என்றான் ஜெயக்குமார்.

"உள்ள போனா வெளிய வரமாட்டானா? வந்தா எங்க போவான்? தோப்புக்குத்தான். அப்பறம் ஒன் வூட்டுக்கு." கட்டுப் போட்ட முகத்தை அண்ணன் பக்கம் திருப்பினாள். "கயித்த அவுத்துடுண்ணா. ஒன் கடை சரக்கயே குடு."

"இன்னா பேசுற ரேணு?"

"அது தெரிஞ்ச அடிண்ணா. கண்ணு செவக்கும், புள்ளைங்கள பக்கத்து வூட்ல வுட்டுட்டு நான் தோட்டத்துப் பக்கம் போயிடுவேன். அடிச்சிட்டுத் தூங்கிடுவான். அன்னிக்கு வந்தவன் யாரோ. எனக்கு அவன் மொகமே தெரில."

ஜெயக்குமார் கணக்குப் போட்டுப் பார்த்தான். அரசாங்கம் விற்றால் அடி, தோப்பில் விற்றால் வெட்டு. மூன்றாவதாக ஒரு வழியை எந்த அதிகாரியும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ரேணுகா வீடு திரும்பிய அன்று, மாவுக்கட்டுப் போட்ட மாப்பிள்ளையை முனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போனான். பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்து, முனியிடம் மன்னிப்புக் கேட்டுக் கயிற்றை அவிழ்த்தார். வெளியே வந்ததும் ஜெயக்குமார் இடுப்பிலிருந்த குவாட்டரை எடுத்துக் கொடுத்தான். ரஞ்சித் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

மறுநாள் காலை ரேணுகா போன் செய்தாள்.

"ரெண்டே அறைதாண்ணா" என்றாள். "அப்பறம் தூங்கிட்டான். நானும் நல்லாத் தூங்கினேன்."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதைத்தான் ஜெயக்குமாரால் தாங்க முடியவில்லை.