இருபது மஞ்சள் மாத்திரைகள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி வண்டிக்காக பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. பழவேற்காட்டிலிருந்து ரஹீம் பாயின் அண்ணன். "தம்பி மௌத்தாயிட்டான் சார். ஜும்மா முடிஞ்சு அடக்கம்," என்றார். ஆலைக்குப் போகவில்லை. பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பேருந்தைப் பிடித்தேன்.

எங்கள் மருந்து ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு பாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்திரைகளுக்கு மேல்பூச்சு போடும் அறை அவருடையது. அண்டா போன்ற பாத்திரம் சுழல, உள்ளே மாத்திரைகள் புரளும். பாய் கரைசலைத் தெளித்தபடி காதைச் சாய்த்து ஓசையைக் கேட்பார். "ஈரம் தாஸ்தியாயிடுச்சு சார், சத்தம் மந்தமா கீது" என்று தெளிப்பை நிறுத்துவார். ஆய்வுக்கூடத்திலிருந்து நான் கருவியோடு ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சலாக வரும்.

எங்களை நெருக்கமாக்கியது பெருங்குடல் புற்றுநோய்க்கான ஓர் ஆராய்ச்சி. மஞ்சளில் உள்ள சத்து அந்த நோயை எதிர்க்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியே விழுங்கினால் பெருங்குடலை எட்டுவதற்குள் பெரும்பகுதி வீணாகிவிடும். அதனால் கொத்தவரை விதைப் பிசினால் அதைப் போர்த்தினோம். அந்தப் பிசினை வயிறு செரிக்காது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அங்கே போய்த்தான் மாத்திரை திறக்க வேண்டும். மாதக்கணக்கில் பாயின் விரல்கள் மஞ்சளாகவே இருந்தன. "இன்னா பாய், உனக்கு நலங்கா?" என்று ரயிலில் கிண்டல் செய்வார்கள். "எனக்கில்ல, மாத்திரைக்கு" என்பார்.

முதல் சோதனையில் மாத்திரை வயிற்று அமிலம் போன்ற கரைசலில் கொஞ்சமும் கரையவில்லை. கைதட்டினோம், நான் இனிப்புக்குச் சொல்லி அனுப்பினேன். பாய் மட்டும் தட்டவில்லை. "கதவ சாத்திக்கினா போதுமா சார்? போய்ச் சேர்ற எடத்துல தொறக்க வேணாமா?" என்றார். நுண்ணுயிர்கள் கலந்த கரைசலுக்கு மாற்றினோம். மறுநாளும் அது கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. அவ்வளவு தடிமனாகப் பூசச் சொன்னவன் நான். மாத்திரையைக் காப்பாற்றும் அவசரத்தில் நோயாளியை மறந்துவிட்டிருந்தேன்.

பூச்சைக் குறைத்துக் குறைத்து, குடுவையிலாவது சரியான கட்டத்தில் திறக்கும் மாத்திரையை எட்டினோம். அந்த நேரத்தில்தான் பாய்க்கே அதே நோய் என்று தெரிந்தது. பரவியும் இருந்தது.

அந்த மாத்திரையை எந்த மனிதருக்கும் கொடுத்துப் பார்த்ததில்லை. எலிக்குக்கூடக் கொடுத்ததில்லை. தெரிந்தும் இருபதை ஒரு பிலிம் டப்பாவில் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டி, சாப்பாட்டு நேரத்தில் அவர் கையில் வைத்தேன். "ஆஸ்பத்திரி மருந்த நிறுத்தாதீங்க பாய். இதையும்..." என்று இழுத்தேன். அவர் டப்பாவைக் காதருகே குலுக்கினார். "நல்லா காஞ்சிருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பயம்தான். அவர் இளைக்க இளைக்க, நான் கொடுத்ததுதான் ஏதோ செய்துவிட்டதோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்ததும் அண்ணன் என்னைத் தனியே அழைத்து அந்த டப்பாவைத் தந்தார். டேப் பிரியவில்லை.

"முழுங்கலியா?" என்றேன்.

"இல்ல சார். 'இது இன்னும் பரீட்சையில கீது, எதுவும் தெரியாம முழுங்கக் கூடாது'ன்னான். அப்புறம் ஏண்டா வாங்கிக்கினேன்னு கேட்டேன். 'குடுக்கும்போது சாரு கை நடுங்குச்சு. வேணான்னு சொல்லியிருந்தா ஒடஞ்சி பூட்டிருப்பாரு'ன்னான்."

அங்கேயே நின்று அழுதேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் இருபதையும் ஆலையில் ஒப்படைத்து, நான் செய்ததை எழுதிக் கொடுத்தேன். என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை; வரட்டும். காலி டப்பாவை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். மூடியின் மேல் பாயின் பெருவிரல் பட்ட மஞ்சள் கறை இருக்கிறது. அதை நான் துடைக்கவில்லை.