அக்காவின் கண்ணில் கடுகளவு வெள்ளை

என் மாமா இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கண்ணுக்கு வைத்தியம் அனுப்புகிறார். போன வாரம் வெங்காயச் சாறு. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அந்தக் குரூப்பில் அக்காவும் இருக்கிறாள்.

அம்மாவின் தம்பியான அவருக்குத் தெரிந்த கண் நோய்கள் இரண்டே இரண்டு. இமையில் கொப்புளம் கிளம்பினால் கண்கட்டி. விரலை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து ஒற்றுவார். கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ. தன் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இரண்டும் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடும். பேரை மாமா வாங்கிக்கொள்வார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கடலை பறிக்கிற சமயம். பள்ளிக்கூடம் முழுக்க மெட்ராஸ் ஐ. எனக்கும் வந்து போயிருந்தது. இரண்டு கண்ணும் சிவந்து, காலையில் பீளை ஒட்டிக்கொண்டு, தண்ணீர் தொட்டுத்தான் இமையைப் பிரிக்க முடிந்தது. உறுத்தியதே தவிர பெரிய வலியில்லை.

அந்த வாரம்தான் கடலைச் செடியை உதறும்போது அக்காவின் கண்ணில் ஏதோ தெறித்தது. மறுநாள் அந்த ஒரு கண் மட்டும் சிவந்தது. பீளை இல்லை, வலிதான்.

“மெட்ராஸ் ஐதான். ஒருத்தரும் அவ மூஞ்சியப் பாக்காதீங்க, ஒட்டிக்கிரும்” என்றார் மாமா.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம்! அந்த முட்டாள்தனத்தை நம்பி, பெற்ற தாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அவளிடம் பேசினாள். எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் சோறு கொண்டுபோவதும் சொட்டு விடுவதும் என் வேலையாயின. அவள் பறிக்க வேண்டிய கடலையும் என் தலையில் விழுந்தது. எரிச்சலில் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா என் கையைப் பிடித்தாள். “வெளிச்சம் பட்டா குத்துதுடி. நல்லாப் பாத்துச் சொல்லு, உள்ள என்னமோ இருக்கு.”

பார்த்தேன். கருவிழியில் கடுகளவு வெள்ளையாக ஒரு புள்ளி.

“ஒண்ணுமில்ல. வேலை செய்யாம நடிக்காத” என்றேன். மாமாவிடம் போய், “செவப்பு கொறஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் நாள் அவள் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அப்படியே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். மாமாவும் அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“கருவிழியில புண்ணுங்க இது. இந்தச் சொட்டு அதை இன்னும் வளத்துவிட்ருச்சு” என்றார் டாக்டர். “இந்த வெள்ளைய முன்னாடியே யாரும் பாக்கலையா?”

அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன்.

“நான் பாத்தேன் சார். மூணா நாளே பாத்துட்டேன்.”

பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ அம்மாவிடம் திரும்பி, மருந்து போட்டுப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வெளிச்சம்தான் தெரியும் என்கிறாரே, அப்புறம் எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.