காசிமின் இடது கண்ணும் என் கையெழுத்தும்

லாரி ஓட்டுநர் காசிம் சான்றிதழோடு வெளியேறிய சிறிது நேரத்திற்குப் பிறகுதான் கம்பவுண்டர் ராகவன் வாய் திறந்தார்.

"சாரே, ஒரு காரியம் பறயட்டா? அந்த ஆளு ரெண்டு தடவையும் பொத்தினது இடது கண்ணுதான். கை மட்டும்தான் மாறிச்சு."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க போர்டைப் பார்த்து நின்னீங்க. சாரோட டெஸ்டுல தெற்று உண்டுன்னு, தப்பு இருக்குன்னு, நான் எப்படிப் பறயும்?"

அப்போது எழுபதுகளின் பிற்பகுதி. கொச்சியின் மட்டாஞ்சேரியில் மருத்துவம் பார்த்துவந்த என்னிடம், உரிமம் புதுப்பிக்கும் ஓட்டுநர்கள் பார்வைச் சான்றிதழுக்கு வருவார்கள். லாரி ஓட்ட இரண்டு கண்களும் தெரிய வேண்டும். நான் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றுகூடப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து திரும்பியதில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வழக்கம் இது: எழுத்துப் பலகையருகே நின்று, நோயாளிக்கு முதுகைக் காட்டியபடி, கோலால் எழுத்தைத் தொடுவேன், பதிலைக் காதால் மட்டும் கேட்பேன். காசிம் முதலில் வலது கையாலும் பிறகு இடது கையாலும் ஒரே கண்ணை மூடிக்கொண்டு, பிழையின்றிப் படித்துவிட்டார்.

காசிம் சரக்கேற்றும் மிளகுக் கிடங்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நடந்தேன், பாதி வழியில், என் வயதையும் வேட்டியையும் மறந்து ஓடினேன்.

லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. காசிம் வலப்பக்கச் சன்னல் வழியே தலையை நீட்டியிருந்தார். இடப்பக்கம், சுவருக்கும் வண்டிக்கும் நடுவே, ஒரு சுமைதூக்குபவர் குனிந்து மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கூவினேன், இயந்திர இரைச்சலில் எவருக்கும் கேட்கவில்லை. லாரியின் பலகையில் இரு கைகளாலும் அறைந்தேன். அந்த மனிதர் நிமிர்ந்து மூட்டையின்மேல் தாவினார். சக்கரம் மூட்டையை உரசி நின்றது.

காசிம் இறங்கி வந்தார். "சாரா? என்ன சாரே?"

"சான்றிதழைக் கொடுங்க. உங்களுக்கு இடது கண் தெரியாது."

"சின்னதுல சுண்ணாம்பு தெறிச்சது சாரே. இருபது வருஷமா ஒத்தக் கண்ணுலதான் ஓட்டறேன். ஒரு கோழிகூடச் செத்ததில்ல."

மூட்டையின்மேல் நின்றவர் கத்தினார்: "இப்ப நான் செத்திருப்பேன் இக்கா! நான் என்ன, கோழிக்கும் கீழேயா?"

காசிம் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "லைசென்ஸ் போனா வீட்ல அஞ்சு வயிறு பட்டினி. தர மாட்டேன். கையெழுத்து உங்களோடது சாரே. எனக்கு ஒரு கண்ணு இல்ல, சரி. உங்களுக்கு ரெண்டு இருந்துச்சே, எங்க பார்த்துட்டு நின்னீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் பேசாதிருந்தால் அலுவலகத்திற்கு எதுவும் தெரிந்திராது. என் பெயரும் பழுதின்றி இருந்திருக்கும். பிற்பகல் படகேறி எர்ணாகுளத்திலிருந்த அந்த அலுவலகத்திற்குச் சென்றேன். "என் பரிசோதனை தவறானது, சான்றிதழை ரத்து செய்கிறேன்" என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் அதை இருமுறை படித்தார்.

"டாக்டர்க்குத் தெற்றோ? விசுவசிக்கான் வய்ய!" என்று, நம்ப முடியாதவராக, அடுத்த மேசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

காசிமின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அதே கிடங்கில் அவர் மூட்டை சுமந்தார். எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அவரை நிறுத்திப் பேசியதில்லை.

இளைய மருத்துவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. பலகையைப் பார்க்காதீர்கள், அது மாறாது. எதிரில் இருப்பவரைப் பாருங்கள். கண்ணை மறைக்க ஓர் அட்டையை நீங்களே பிடியுங்கள். நான் மறுநாளிலிருந்து அவ்வாறே செய்தேன்.

அதற்கு முன்பு, முதுகைக் காட்டியபடி நான் வழங்கிய சான்றிதழ்கள் எத்தனை வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியாது. அவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.