தார்ப்பாய்க்குள் பெய்த மழை

தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் எங்கள் ஊரின் மேல் நின்றுகொண்டுதான் பேசுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆந்திர வரைபடத்தில் நாங்கள் அடிக்கோடியில், அவளுடைய புடவைக் கொசுவம் விழும் இடத்தில் இருக்கிறோம். சரி, சென்னைக்காரர்களைப் பார்ப்போம் என்று அந்தப் பக்கம் திருப்பினால், அவர்களுடைய படத்தில் திருவள்ளூரோடு பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கு மேலே வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

விஜயபுரம் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மாநிலத்து வானிலையையும் கேட்டு, கூட்டி, பாதியாக வகுத்துக்கொள்வோம். சென்னை கனமழை என்று சொல்லி, ஆந்திரா வறண்ட வானிலை என்று சொன்னால், ஊர் தூறல் என்று தீர்மானித்துவிடும். டீக்கடையில் இந்தக் கணக்கை எல்லோரும் போடுவார்கள். பெரும்பாலும் தூறல்கூட விழாது. ஆனாலும் இரண்டு பேரையும் மதித்தோம் என்ற திருப்தி இருக்கும்.

மார்கழி கடைசியில் எங்கள் பக்கம் விடிவதே ஒரு வதந்தி மாதிரிதான் வரும். யாரோ விடிந்துவிட்டது என்பார்கள், பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனி வயலிலிருந்து எழுந்து ரோட்டைக் கடந்து அந்தப் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும், வேலைக்குப் போகிற ஆள் போல. முதல் பஸ் தெரியாது. இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் வரும், அவற்றுக்குப் பின்னால் பஸ் இருக்கும் என்று நம்பிக் கை காட்ட வேண்டும். ஒருமுறை அப்படிக் கை காட்டி ஒரு கரும்பு லாரியை நிறுத்தியிருக்கிறேன். லாரிக்காரர் தெலுங்கில் திட்டினார். அந்தக் குளிரில் அதுகூடக் கதகதப்பாக இருந்தது.

நான் திருப்பதியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவன். காலையில் போய் மாலையில் திரும்புவேன். சாவி கொடுப்பது, வெந்நீர் எத்தனை மணிக்கு என்று சொல்வது எல்லாம் போக, எனக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள், "மேல மழையா சார்?" தண்ணீர்த் தொட்டிக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவே ஜன்னலில் ஒரு கை அகலத்துக்கு மலை தெரியும். நான் எழுந்து, கண்ணைச் சுருக்கி அந்தத் துண்டைப் பார்த்து, "வெறும் பனிதாங்க, தைரியமா போங்க" என்பேன். சேலத்துப் பெரியவர் ஒருவர் அப்படித் தைரியமாகப் போய்த் திரும்பி வந்து, துண்டை என் மேசை மேலேயே பிழிந்தார்.

லாட்ஜில் காபி போடுகிறவர் தெலுங்குக்காரர். என் பரம ரசிகர். "நுவ்வு வான ராதண்டே சாலு அன்னா, நேனு கொடுகு தீஸ்குண்ட்டானு" என்பார். நான் மழை வராது என்று சொன்னால் போதும், அவர் குடையை எடுத்துக்கொள்வாராம்.

இப்படிப்பட்ட நான்தான் என் சொந்த நெல்லுக்கு வானிலை பார்த்தேன்.

அந்த நெல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் நைனா கூலிக்கு அறுத்த வயலில் ஒன்றரை ஏக்கர் இப்போது எங்களுடையது. போன குளிர்காலத்தில் மிஷின் விட்டு அறுத்து, வியாபாரிக்குப் போனது போக, வருஷச் சாப்பாட்டுக்கும் அடுத்த நடவின் விதைக்கும் ஒரு குவியல் நிறுத்தியிருந்தோம். மிஷினில் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். நாலு நாள் வெயில் காட்டி, பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மழையில் நனைந்தால் முளைத்துவிடும். முளைத்தால் சோறும் போச்சு, விதையும் போச்சு. ஊர் ரோட்டின் ஒரு பாதியில் பரப்பியிருந்தோம். பஸ் மறு பாதியில் மரியாதையாகப் போகும்.

இரண்டாம் நாள். நான் லாட்ஜில் இருந்தேன். முற்பகல் பதினொரு மணிக்குப் போன் சட்டைப்பையில் துடித்தது. தெலுங்கில் எச்சரிக்கை: வங்கக் கடலில் அல்பபீடனம். காற்றழுத்தத் தாழ்வைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். வரவேற்பறை டிவியில் சென்னைச் சேனல் வைத்தேன். அவர்களும் கனமழை என்றார்கள். ஆந்திராச் சேனல் வைத்தேன். அவர்களும் கனமழை!

என் வாழ்நாளில் இரண்டு மாநிலமும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. கூட்டி வகுக்க ஒன்றும் இல்லை. பாதியும் கனமழை, மீதியும் கனமழை. வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"இந்தாமே, நெல்ல மூடு. மழ வருது."

"எங்க வருது?"

"போன்ல. தொண்ணூறு பர்சென்ட்னு போட்டுக்கீறான்."

"மாமா, இங்க வெயிலு மண்டைய பொளக்குது. மீதி பத்து பர்சென்ட்டு நம்ம ஊர்ல கீது போல. வேலைய பாரு."

கால் மணி நேரம் பொறுத்தேன். ஜன்னலுக்குப் போனேன். என் துண்டு மலையில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்தில் அது தினமும் உட்காருகிற இடம்தான். ஆனால் அன்றைக்கு அது என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுபடி போன்.

"மேகம் கறுத்துக்கினு வருதுமே!"

"அது திருப்பதி மேகம். சாமி கும்ட வந்திருக்கும். நம்ம ஊருக்கு இன்னாத்துக்கு வருது?"

மூன்றாவது முறை போன் செய்தபோது நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. காபிக்காரர்தான் பிற்பாடு சொல்லிக் காட்டினார், நான் அழுகிற குரலில் "விதடீ, விதடீ" என்றேனாம். அந்தப் பக்கத்திலிருந்து பெருமூச்சு கேட்டது.

"உன் வாய அடைக்கறதுக்காவ மூடறேன் மாமா. மழைக்காவ இல்ல."

நல்ல உச்சி வெயிலில், கதிரவனைக் குடித்துக்கொண்டிருந்த நெல்லை அப்படியே சூட்டோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினாள். நான் நிம்மதியாக இரண்டு காபி குடித்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது வடமாலபேட்டை தாண்டி எட்டிப் பார்த்தேன். வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். புயலுக்கு முந்தின அமைதி இது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், வீட்டுக்காரியின் தம்பியான மச்சானிடம் இன்னொரு தார்ப்பாய் இரவல் வாங்கி, முதல் தார்ப்பாய் மேல் போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்தேன். கல் போதாமல் பழைய அம்மியையும் உருட்டிக்கொண்டு வந்தேன். காற்று அடித்தால் என்ன செய்வது? ஒரு இலையும் அசையவில்லை. அசையாததே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் லாட்ஜுக்கு லீவு சொன்னேன். ஊரில் புயல் என்று காரணம். ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குரங்குக் குல்லாய், மடியில் குடையோடு நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூரியன் வந்தது. மெல்லிய, பால் கலந்த வெயில். தூரத்துக் கரட்டு மலைகள் தண்ணீரில் கரைகிற வெல்லம் போல ஓரம் மங்கி நின்றன. ஒரு கொக்கு வயலில் ஒற்றைக் காலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொக்கியது. அந்த அரைத் தூக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. திடுக்கிட்டுக் குடையை விரித்தேன். எதிரே மச்சானின் டிராக்டர் நின்றிருந்தது. அதன் மேல் மச்சான்.

"இன்னா மச்சான், வெயிலுக்குக் கொடையா?"

"மழ வரப்போவுது. நீ உன் நெல்ல மூடலியா?"

"நேத்தே காஞ்சி மூட்ட கட்டியாச்சி. என்னுது பட்டன் போன் மச்சான், அதுக்கு மழையெல்லாம் தெரியாது." தார்ப்பாயைப் பார்த்தான், கல்லையும் அம்மியையும் பார்த்தான். "உள்ள படுத்துக்கினு கீறது யாரு? எந்திரிச்சி ஓடிடுவாங்கன்னு கல்லு வச்சிக்கீற?"

டிராக்டர் போன பிறகும் அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் ரோட்டில் இருந்தது. நான் விடவில்லை. போனில் மழை ஒரு மணிக்கு என்று இருந்தது. ஒரு மணிக்குப் பார்த்தால் நாலு மணிக்கு என்று மாறியது. நாலு மணிக்குப் பார்த்தால் நாளைக் காலை ஒன்பது. கல்யாணத்துக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற சொந்தக்காரனைப் போல அது வந்துகொண்டே இருந்தது. அன்றும் நெல் மூடியே கிடந்தது.

அடுத்த நாள் காலை பனி அதிகம். வாசலில் நின்றால் வாசல் தெரியவில்லை. வீட்டுக்காரி ரோட்டிலிருந்து கூப்பிட்டாள். குரல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை.

"மாமா, இங்க வா. கைய வையி."

தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முழங்கை வரை நெல்லுக்குள் விட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்து மாதிரி இருந்தது உள்ளே. கையை இழுத்தபோது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். தார்ப்பாயின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். வியர்த்து வியர்த்து, நெல்லின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. வாசனை வேறு, நெல் அவிக்கிற வீட்டு அடுப்படி போல. இரண்டு மாநிலமும் சொன்ன மழை பொய்க்கவில்லை. எட்டு அடிக்கு எட்டு அடியில், என் தார்ப்பாய்க்குள் மட்டும் பெய்திருந்தது.

"ஒன்பது மணிக்கு மழன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"போன மூடு. நெல்ல தொற."

இரண்டு தார்ப்பாயையும் உருவினோம். குவியலிலிருந்து ஆவி எழுந்தது. வெள்ளையாக, மெதுவாக எழுந்து, வெளியே காத்திருந்த பனியோடு சேர்ந்துகொண்டது. எது நெல்லின் மூச்சு, எது வயலின் மூச்சு என்று பிரிக்க முடியவில்லை. பனியில் யாரும் நெல் பரப்பமாட்டார்கள். நாங்கள் பரப்பினோம், சூடு இறங்கினால் போதும் என்று. அவள் அந்தக் கோடியிலிருந்து, நான் இந்தக் கோடியிலிருந்து, காலால் நெல்லைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு நடந்தோம். ஒருவருக்கொருவர் தெரியவில்லை. சரக், சரக் என்று அவள் கால் மட்டும் கேட்கும், நெருங்கும், நடுவில் ஒரு நிழல் என்னைத் தாண்டிப் போகும், மறுபடி விலகும். கனவில் உறவுக்காரர்கள் அப்படித்தான் தாண்டிப் போவார்கள்.

"மே," என்றேன் பனியைப் பார்த்து. "வித செத்துப் பூட்டிருக்குமா?"

கால் சத்தம் நெருங்கி, என்னைத் தாண்டும்போது சொன்னாள்.

"செத்தா உன்னத்தான் நாத்து உடணும்."

ஒன்பது மணி வந்தது. மழை வரவில்லை. பத்து மணிக்குச் சூரியன், அலுமினியத் தட்டு மாதிரி, பார்க்கக் கூசாத சூரியன், பனிக்குள் மிதந்து வந்தது. அப்புறம் சுள்ளென்று ஆனது. நான் குல்லாயைக் கழற்றி அதைக் கும்பிட்டேன். அன்றும் மறுநாளும் காய்ந்ததில் சாப்பாட்டு நெல் தப்பித்தது, சோறு மட்டும் வருஷம் முழுக்க லேசாகப் புழுங்கல் வாசனை அடிக்கும் என்றாள். விதைதான் தெரியவில்லை. வெளியே பார்க்க எல்லா நெல்லும் ஒன்றுதான். சூட்டில் உள்ளே உயிர் போயிருந்தால் நாற்றங்காலில் விட்ட பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன?

அவள் குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி, என் பழைய துண்டில் முடிந்து, நனைத்து, வைக்கோலுக்குள் சொருகினாள். மூன்று நாளில் முளைத்தால் விதைக்கு உயிர் இருக்கிறது. நான் அன்று மாலையே அவிழ்க்கப் போனேன்.

"தொட்ட, கைய ஒடச்சிருவேன். சும்மா சும்மா தொறந்து பாத்தா எதுதான் மொளைக்கும்?"

மூன்று நாளும் லாட்ஜுக்குப் போனேன். மேசையில் உட்கார்ந்திருந்தேன், மனசு வைக்கோலில் இருந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கேட்டது, "மேல மழையா சார்?" நான் எழுந்திருக்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. "தெரியலீங்க" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எதிர் லாட்ஜில் போய்க் கேட்டார்கள். காபிக்காரர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

நாலாம் நாள் காலை அவள் துண்டை ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் அவிழ்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொற மாமா கண்ண. மழயா பெய்யுது?"

திறந்தேன். துண்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக, எலிக்குஞ்சின் வால் மாதிரி, சின்னச் சின்ன முளைகள். அங்கங்கே சில நெல் மட்டும் கறுத்து, வாய் திறக்காமல் கிடந்தன. அவை என்னுடையவை. மற்றவையெல்லாம் என்னை மீறிப் பிழைத்திருந்தன.

அவள் துண்டோடு போய் அந்த முளைகளை வாய்க்கால் ஓரச் சேற்றில் உதறினாள். நான் பஸ்ஸுக்கு நின்றேன். பனிக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் வந்தன. கையைத் தூக்கியபோது புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. போனைப் பார்த்தேன்: வறண்ட வானிலை. குடை வீட்டில் இருந்தது. காயவைத்துக் கட்டிய விதை மூட்டைகளும் வீட்டில்தான் இருந்தன. நனைந்துகொண்டே நின்றேன், லாரியா பஸ்ஸா என்று தெரியாமல், தூக்கின கையை இறக்காமல்.