நெஸ்டாவின் ஞாயிற்றுக்கிழமை

நெஸ்டா ப்ரிட்சர்டின் 'மூன்று மீன்' பப்பில் காசை நீட்டினால் உடனே பீர் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். பீப்பாய் நிலவறையில் இறங்கினால் முழுசாக இரண்டு நாள் அதை யாரும் தொடக்கூடாது. வண்டல் அடியில் தங்கித் தெளிய வேண்டும். ஒரு கோடையில் பழைய பீப்பாய் தீர்ந்து புதுசு கலங்கிக் கிடந்த நேரத்தில், பஸ் நிறைய ரக்பிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது.

"கலங்கின பீரை என் கையால ஊத்த மாட்டேன் கண்ணு. டீ சூடா இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அத்தனை தடியன்களும் முணுமுணுத்துக்கொண்டே டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஐம்பத்தெட்டு வயது. வேல்ஸின் வடமேற்கு ஓரத்தில், கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பப்பை இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் கட்டி மேய்த்துவந்தாள். கணவன் வில், சிங்கி இறால் பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவான். மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிடும் அவளுடைய லோப்ஸ்கவுஸ் குழம்புக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். அதை அவள் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டே, ஆறிப்போன பிறகு சாப்பிடுவாள்.

ஞாயிறு வேறு மாதிரி. அந்த வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பப் திறக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. காலையில் சேப்பலில், அதாவது ஊர்ச் சபையின் ஜெப ஆலயத்தில், பாடகர் குழுவின் ஆல்டோ குரல் வரிசையில் நின்று தொண்டை திறந்து பாடுவாள். மதியம் வில்லும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவார்கள். பிறகு நாலு மணி வரை தூக்கம். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் தனக்கு ஓடாது என்பாள்.

அந்த நாளுக்குத்தான் 1996-இல் ஆபத்து வந்தது. ஞாயிறு பப் திறக்கலாமா கூடாதா என்று ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வட்டாரமே ஓட்டுப் போடும். இதுவரை 'கூடாது'தான் ஜெயித்திருந்தது. இந்த முறை காற்று மாறி அடித்தது.

சபை மூப்பர் இட்வால் ஒரு நோட்டீஸோடு வந்தார். "நெஸ்டா, நீ நம்ம சேப்பல் பொண்ணு. 'கூடாது'ன்னு இதை ஜன்னல்ல ஒட்டிடறேன்."

மறுநாள் கறிக்கடை எம்ரிஸ் வந்தான். "ஆன்ட்டி, 'திறக்கலாம்'னு இதை ஒட்டிக்கட்டுமா? உங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம்."

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். "ஜன்னல் கடலைப் பாக்கறதுக்கு வெச்சது."

"ஆன்ட்டி யாருக்குப் போடுவாங்கன்னு இதுல என்ன சந்தேகம்? கல்லாவுக்குத்தான்!" என்று மூலையிலிருந்து ஒருவன் சீண்டினான்.

"நான் எதுக்குப் போடுவேன்னு வில்லுக்கே தெரியாது. உனக்கு எதுக்கு? கிளாஸைக் காலி பண்ணு."

'திறக்கலாம்' ஜெயித்தது. கைதட்டலில் பப்பே அதிர்ந்தது. எம்ரிஸ் அவளைக் கேட்காமலேயே ஞாயிறுக்கு நாலு ஆட்டுத்தொடை எடுத்து வைத்துவிட்டான். ஊர்க்கோடியில் இருந்த 'கப்பல்' பப்பின் வாசலில், ஞாயிறு மதியச் சாப்பாடு என்று அதற்குள் பலகை ஏறிவிட்டது. நெஸ்டா கிளாஸ் கழுவிக்கொண்டே கணக்குப் போட்டாள். ஞாயிறு அங்கே போய் உட்காருகிறவன் திங்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டால்? அந்தப் பப்புக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படிப் பயந்ததில்லை.

ஞாயிறு வந்தது. சேப்பல் முடிந்து வில்லோடு திரும்பினால், அவர்கள் குடியிருக்கும் பப்பின் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். எம்ரிஸ் கையில் கறிக்கூடை. கூட்டத்துக்கு முன்னால், மனைவியோடு, மூப்பர் இட்வால்.

"மூப்பரே, நீங்களுமா?"

இட்வால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சட்டமே மாறிப்போச்சு, இனிமே ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கு உரிக்க மாட்டேன்னு இவ சொல்லிட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெஸ்டாவும் சிரித்தாள். பூட்டைத் திறந்து வில்லை உள்ளே அனுப்பிவிட்டு, படியில் நின்று திரும்பினாள்.

"திறக்கலாம்னுதானே சட்டம் சொல்லுது? திறந்தே ஆகணும்னு சொல்லலையே. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க."

"அப்போ நாங்க 'கப்பலு'க்குப் போயிடுவோம் ஆன்ட்டி!" என்றான் எம்ரிஸ்.

"தாராளமா போ. அந்தக் கறியை அங்க வித்துக்கோ. இங்க கேக்காம கொண்டுவந்தா இப்படித்தான்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே காலடிச் சத்தம் ஊர்க்கோடிப் பக்கமாகப் போனது. அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள். லோப்ஸ்கவுஸ் மெல்லிய தீயில் தயாராக இருந்தது. இரண்டு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வருவாங்களா?" என்று வில் கேட்டான்.

"ரெண்டு பேர் வராம போவாங்க. போகட்டும். மத்தவங்க வருவாங்க, அங்க பீரு கலங்கல்."

வில் ரொட்டியைப் பிய்த்தான். "நீ கூடாதுன்னுதானே ஓட்டுப் போட்டிருப்பே. பாவம், தோத்துட்டே."

"திறக்கலாம்னு போட்டேன்."

வில்லின் கை அப்படியே நின்றது. "பைத்தியமா உனக்கு? உனக்கு இருந்ததே இந்த ஒரு நாள்தானே!"

"இருபத்திரண்டு வருஷமா ஊரு பூட்டின கதவுக்குள்ள உக்காந்து சாப்பிட்டேன் வில். இன்னிக்குத்தான் நானே பூட்டிட்டுச் சாப்பிடறேன்."

சொல்லிவிட்டு நெஸ்டா குழம்பில் ஸ்பூனை விட்டாள். ஆவி பறந்தது.