அம்மா ஆடு கட்டிய விதம்

அம்மாவின் அடக்கப் பூசையில் குருவானவர் அவரது செபவாழ்வைப் பற்றிப் பேசினார். லாசாலில் அவர் நடத்திய செபமாலைக் குழுவைச் சொன்னார். ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அம்மா றெஜினா மன்னாரில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்தபின், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் ஆடுகளைப் பராமரித்தார். அங்கேதான் ஐம்பது வயதில் குதிரை ஏறப் பழகினார். பிறகு றோடியோ எனும் குதிரையேற்ற வித்தை விழாவில் ஆடு கட்டும் போட்டிக்குப் போனார்.

ஆடு நீளக் கயிற்றில் முளையோடு கட்டப்பட்டு நிற்கும். குதிரையில் விரைந்து வந்து, குதித்து, ஆட்டைச் சரித்து, மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டி, இரு கைகளையும் உயர்த்தவேண்டும். கை உயர்ந்ததும் கடிகாரம் நிற்கும். அதன்பின் ஆட்டைத் தொடக்கூடாது. ஆறு செக்கன் கட்டு அவிழாமல் இருக்கவேண்டும்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு செக்கன் எடுத்தது. பத்துக்குள் கட்டினால்தான் இறுதிப் போட்டியில் இடம். அந்த இடம் அவருக்கு வேண்டியிருந்தது.

நான் இயந்திரப் பொறியியலாளர். படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டேன். முடிச்சு இறுகிய பின்னும் கை உயரவில்லை. பெருவிரலால் ஆட்டின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதிலை முழுசா ஒரு செக்கன் போகுது. விடுங்கோ."

"அது பயந்து துடிக்குது. சும்மா விட்டிட்டு எழும்பேலாது."

அவருடன் பயிற்சி செய்யும் ஷெரோன் சிரித்தாள். "அன்ரி, அப்பிடியே ஞானஸ்நானமும் குடுத்திட்டு எழும்புங்கோ."

"குடுப்பன். ஞானத்தாய் நீதான்."

சிலுவையை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். இறங்கும்போது அவரது பாதங்கள் குதிரையைப் பார்த்து விழுந்தன. நின்று, திரும்பி, பிறகே ஓடினார். பாதம் ஆட்டை நோக்கி விழவேண்டும். கோடை முழுவதும் அதை மட்டும் பழகினார். முதலில் நடக்கும் குதிரையிலிருந்து, பிறகு ஓடும் குதிரையிலிருந்து. முழங்கால் வீங்கியது. ஐஸ் வைத்துக்கொண்டு மறுநாளும் வந்தார்.

தகுதிப் போட்டியில் பாதங்கள் விழுந்த வேகத்திலேயே ஓடின. ஆடு சரிந்தது. கட்டு. சிலுவை. கை. ஒன்பது செக்கன் சொச்சம். கட்டு அவிழவில்லை.

மூச்சிரைக்க வேலியருகே வந்தார். "இனி எதைக் குறைப்பம், சொல்லு."

"கயித்தை ஒரு சுத்துக் கூடச் சுத்துறீங்கள்."

"ஓம். பேந்து பாப்பம்."

இறுதிப் போட்டியன்று அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குள் புற்றுநோய் ஈரல்வரை போயிருந்தது. அங்கே ஷெரோன் ஆடு கட்டுவதைக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவளும் குதிரையைப் பாத்துத்தான் இறங்குறாள்," என்றார். "போய்ச் சொல்லு."